வெளியூர் வேலை: சிக்கனம் எது? கஞ்சத்தனம் எது?

பொருள் போகும் முன்னே ஆள் போக வேண்டும். இது வியாபாரத்தின் பால பாடம்.

திண்டுக்கல்லுக்கு இந்தப் பாடத்தை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியது இல்லை. நாகல் நகர் சவுராஷ்டிர நெசவாளர்கள் நெய்த சேலைகள், அந்தத் தெருவிலேயே விற்றுத் தீர்ந்துவிடவில்லை. சின்னாளபட்டி சுங்குடிச் சேலையைக் கட்டுகிறவர்கள் எந்தெந்த ஊரிலோ இருக்கிறார்கள். வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளின் நூலும் அப்படித்தான். பதனிட்ட தோலும் அப்படித்தான்.

உள்ளூரில் செய்து வெளியூரில் விற்கும் ஊர் இது.

1875-ம் ஆண்டு திருச்சியில் இருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரெயில் வந்தது. அன்று முதல் நாகல் நகரை ஒட்டிய ரெயில் நிலையத்தில், கையில் பையும் கக்கத்தில் மாதிரிக் கட்டுமாக வியாபாரிகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். இன்று மாதிரிக் கட்டு சிறுத்துவிட்டது. பையில் மடிக்கணினி ஏறிவிட்டது. ஆனால் வேலை அதேதான். ஆளைப் பார்க்க வேண்டும். விலை பேச வேண்டும். ஆர்டர் வாங்க வேண்டும். பாக்கி வசூலிக்க வேண்டும்.

முன்பு முதலாளியே போனார். இப்போது சம்பளத்துக்கு வேலை பார்க்கும் அதிகாரியும் விற்பனைப் பிரதிநிதியும் போகிறார்கள்.

அங்கேதான் சிக்கல் பிறக்கிறது!

போகிறவர் ஒருவர். பணம் கொடுக்கிறவர் வேறொருவர். போகிறவருக்கு வசதி வேண்டும். கொடுக்கிறவருக்குச் செலவு குறைய வேண்டும். இருவரில் யார் சொல்வது நியாயம்?

இருவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியில்தான் கம்பெனிகள் பணத்தை இழக்கின்றன. சில வேளைகளில் ஆளையும் இழக்கின்றன.

இரண்டு முதலாளிகள்

ஊருக்கு ஊர் இரண்டு வகை முதலாளிகள் உண்டு.

முதல் வகை முதலாளிக்குப் பயணம் என்றாலே தண்டச் செலவு. "பஸ்சில் போ. அறை எடுக்காதே. சாப்பாட்டுக்கு 200 ரூபாய்க்கு மேல் எழுதாதே" என்பார். அந்த மாதக் கணக்கில் 4 ஆயிரம் ரூபாய் குறைந்தால் அவருக்குப் பரம திருப்தி.

இரண்டாவது வகை முதலாளிக்குப் பயணம் என்றாலே கவுரவம். "கம்பெனி பெயர் என்ன ஆவது?" என்பார். நட்சத்திர ஓட்டல், நாள் முழுக்கக் காத்து நிற்கும் கார், விமான டிக்கெட் எல்லாம் உண்டு. அதனால் ஆர்டர் கூடுதலாக வந்ததா என்று மட்டும் அவர் கேட்க மாட்டார்.

இருவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். டிக்கெட்டைப் பார்க்கிறார்கள். போன காரியத்தைப் பார்க்கவில்லை.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று பெரியவர்கள் சொன்னார்கள். அளப்பது வேறு, குறைப்பது வேறு. அளந்து பார்த்தால் சில இடங்களில் குறைக்கத் தோன்றும். சில இடங்களில் கொஞ்சம் கூட்டவும் தோன்றும்.

ஒரு கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடலாம்.

ஒரு நூற்பாலையின் விற்பனை அதிகாரி சென்னைக்குப் போகிறார். 5 ஆயிரம் கிலோ நூலுக்கு விலை பேச வேண்டும். திண்டுக்கல்லில் இருந்து சென்னை சுமார் 420 கிலோ மீட்டர்.

"அறை எதற்கு? இரவு பஸ்சில் உட்கார்ந்து போ. காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகக் கடைக்குப் போய்விடு. அன்று இரவே திரும்பி வா" என்கிறார் முதலாளி. இதில் 1,500 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதிகாரி இரவு முழுவதும் தூங்கவில்லை. கழுத்து வலிக்கிறது. கண் எரிகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் வியாபாரியோ வீட்டில் தூங்கி எழுந்து, குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவர். "கிலோவுக்கு 2 ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் அவர்.

தெம்பாக இருக்கிற மனிதன் என்றால் வாதாடுவான். பருத்தி விலையைச் சொல்வான். போட்டிக் கம்பெனியின் நூலை எடுத்துப் பிரித்துக் காட்டுவான். தூக்கம் கெட்ட மனிதன் என்ன செய்வான்? "சரி, முடித்துக்கொள்ளுங்கள்" என்பான்.

5 ஆயிரம் கிலோவுக்கு 2 ரூபாய் என்றால் 10 ஆயிரம் ரூபாய்! 1,500 ரூபாயை மிச்சம் பிடித்து, 10 ஆயிரம் ரூபாயைக் கோட்டை விட்டாயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 1,500 ரூபாய் மிச்சம் கணக்குப் புத்தகத்தில் ஏறும். 10 ஆயிரம் ரூபாய் நஷ்டம் எந்த வவுச்சரிலும் ஏறாது. "இந்த மாதம் பயணச் செலவு குறைந்தது" என்று முதலாளி மகிழ்ச்சி அடைவார்.

இதைத் திருப்பியும் பார்க்க வேண்டும். அதே அதிகாரி 9 ஆயிரம் ரூபாய் வாடகையில் நட்சத்திர ஓட்டலில் தங்கினால், வியாபாரி கிலோவுக்கு 2 ரூபாய் கூட்டிக் கொடுத்துவிடுவாரா? மாட்டார். பளிங்குத் தரையில் யாரும் படுத்துத் தூங்குவது இல்லை. தூக்கத்துக்கு வேண்டியது சுத்தமான படுக்கை, ஓடும் மின்விசிறி, தண்ணீர் வரும் குழாய், தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் கதவு. இவ்வளவுதான். இது நடுத்தர லாட்ஜிலும் கிடைக்கும்.

இரண்டு அங்குல மெத்தை

கொஞ்சம் செலவில் பெரிய சுகம் கொடுக்க முடியுமா? முடியும் என்று காட்டினார், மத்திய ரெயில்வே மந்திரியாக இருந்த ஒருவர்.

அவர் பெயர் மது தண்டவதே. 1977-ம் ஆண்டு ஜனதா ஆட்சியில் அந்தப் பொறுப்புக்கு வந்தார். அந்தக் காலத்தில் இரண்டாம் வகுப்பில் தூங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு மரப்பலகைதான் படுக்கை. இரவு முழுவதும் பலகையில் புரண்டு, விடிந்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள்.

தண்டவதே அந்தப் பலகையின் மீது இரண்டு அங்குல நுரை மெத்தையைப் போடச் செய்தார். ஏழைப் பயணியை முதல் வகுப்பில் ஏற்றிவிடவில்லை. பட்டு விரிப்பும் கொடுக்கவில்லை. இரண்டே அங்குலம்! அந்த 1977-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி, மும்பைக்கும் ஹவுராவுக்கும் இடையே வகுப்பு வேறுபாடு இல்லாத கீதாஞ்சலி எக்ஸ்பிரசும் ஓடத் தொடங்கியது.

கோடிக்கணக்கான மக்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

செலவையும் தரத்தையும் சேர்த்துப் பார்ப்பது என்பது இதுதான். "மனிதனுக்கு எந்த இடத்தில் வலிக்கிறது?" என்று முதலில் கேட்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் இரண்டு அங்குலம் சேர்க்க வேண்டும். மற்ற இடத்தில் பலகை பலகையாகவே இருக்கலாம்.

ரெயில்வே இதைப் பிற்காலத்திலும் செய்து பார்த்தது. 2021-ம் ஆண்டு மூன்றடுக்கு குளிர்சாதன சிக்கன வகுப்பு வந்தது. வழக்கமாக 72 படுக்கைகள் இருந்த இடத்தில் 83 படுக்கைகள். கட்டணம் சற்றுக் குறைவு. கால் நீட்ட இடம் கொஞ்சம் குறைந்தாலும், குளிர்சாதனமும் படுக்கையும் இருக்கின்றன. தூக்கம் கெடவில்லை. இது சிக்கனம். படுக்கையையே எடுத்துவிட்டு, "உட்கார்ந்தபடி போ" என்றால் அது கஞ்சத்தனம்.

நூற்றுக்கு ஒன்று

அமெரிக்காவில் சாம் வால்டன் என்று ஒரு கடைக்காரர் இருந்தார். 1962-ம் ஆண்டு ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ராஜர்ஸ் என்ற சிற்றூரில் 'வால்மார்ட்' என்ற முதல் கடையைத் திறந்தார். பிற்காலத்தில் அது உலகத்திலேயே பெரிய சில்லறை வியாபாரக் கம்பெனி ஆயிற்று.

சரக்குக் கொள்முதலுக்கு அவரும் அவருடைய ஆட்களும் நியூயார்க் போவார்கள். ஓர் அறையில் பல பேர் படுத்துக்கொள்வார்கள். முடிந்த இடத்துக்கு எல்லாம் நடந்தே போவார்கள். இது உலகம் அறிந்த கதை. பலர் இதை மட்டும் சொல்லிவிட்டு, "பாருங்கள், எவ்வளவு சிக்கனம்!" என்று முடித்துவிடுகிறார்கள்.

கதையின் முக்கியமான பகுதி வேறு. வாங்கும் சரக்கின் மதிப்பில் நூற்றுக்கு ஒரு பங்குக்குள் பயணச் செலவு அடங்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருந்த அளவுகோல். அதாவது, டிக்கெட் விலையை வைத்து அவர் செலவை அளக்கவில்லை. நடந்த வியாபாரத்தை வைத்து அளந்தார். 10 லட்சம் ரூபாய் சரக்கு வாங்கப் போனால் 10 ஆயிரம் ரூபாய் செலவு தகும். 20 ஆயிரம் ரூபாய் சரக்குக்கு 10 ஆயிரம் ரூபாய் செலவு தகாது.

நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கு எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது. பூட்டு வியாபாரத்தின் லாபம் வேறு. நூல் வியாபாரத்தின் லாபம் வேறு. ஓர் அறையில் பல பேர் படுப்பதும் எல்லோருக்கும் ஒத்து வராது. ஆனால் செலவை எதனோடு ஒப்பிட வேண்டும் என்ற புத்தி எல்லோருக்கும் பொருந்தும்.

இன்னொன்று. அந்த அறையில் சாம் வால்டனும் சேர்ந்துதான் படுத்தார்!

மேலே இருந்து வர வேண்டும்

முதலாளி குளிர்சாதன முதல் வகுப்பில் போய், குமாஸ்தாவை நின்றுகொண்டு போகச் சொன்னால், அந்தச் சிக்கனத்தை யாரும் மதிக்க மாட்டார்கள்.

2009-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் டெல்லியில் இது பெரிய விவாதம் ஆயிற்று. அப்போது நிதி மந்திரியாக இருந்த பிரணாப் முகர்ஜி, செலவைக் குறைக்கும்படி சக மந்திரிகளைக் கேட்டுக்கொண்டார். விமானத்தில் சாதாரண வகுப்பில் போக வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. காங்கிரஸ் தலைவர் சோனியா காந்தி டெல்லியில் இருந்து மும்பைக்குச் சாதாரண வகுப்பில் பறந்தார். ராகுல் காந்தி லூதியானாவுக்கு சதாப்தி ரெயிலில் போனார்.

பாதுகாப்பு ஏற்பாடுகளையும் சேர்த்துப் பார்த்தால் இதில் பணம் மிச்சம் ஆயிற்றா என்று அப்போதே பலர் கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான். ஒரு நாள் சாதாரண வகுப்பில் போவதால் கஜானா நிரம்பிவிடாது. ஆனால் மேலே இருப்பவர்கள் தங்களுக்கும் அளவு உண்டு என்று காட்டாமல், கீழே இருப்பவர்களுக்கு அளவு வைக்க முடியாது. வீட்டில் அப்பா மட்டும் நெய் ஊற்றிக்கொண்டு பிள்ளைகளுக்கு மோர் ஊற்றினால், அந்த வீட்டில் சிக்கனம் நிலைக்குமா?

சர்க்கார் வைத்த படிக்கட்டு

வெளியூர் போகும் ஊழியருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு மத்திய சர்க்கார் ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறது. 7-வது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு, 2017-ம் ஆண்டு ஜூலை மாதம் நிர்ணயித்த அளவைப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும்.

அறை வாடகைக்கு, மிக உயர்ந்த படியில் உள்ள அதிகாரிக்கு ஒரு நாளைக்கு ரூ.7,500 வரை. அதற்கு அடுத்த படிகளில் ரூ.4,500, ரூ.2,250, ரூ.750. கடைசிப் படியில் உள்ள ஊழியருக்கு ரூ.450.

சாப்பாட்டுக்கு, உயர்ந்த படியில் ரூ.1,200. கடைசிப் படியில் ரூ.500.

சாப்பாட்டில் வித்தியாசம் இரண்டரை மடங்குகூட இல்லை. வயிறு எல்லோருக்கும் ஒன்று என்று விதி எழுதியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அறையிலோ 16 மடங்குக்கு மேல் வித்தியாசம்! முதுகும் எல்லோருக்கும் ஒன்றுதானே? பதவி உயர்ந்தவருக்கு நாலு பேர் வந்து பார்க்க விசாலமான அறை வேண்டும் என்பது சரி. அதற்காகக் கீழ்ப்படியில் உள்ளவருக்கு மூட்டைப்பூச்சி அறை போதும் என்பது சரி ஆகாது. 450 ரூபாய்க்குச் சென்னையில் எப்படிப்பட்ட அறை கிடைக்கும் என்று அலைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் அந்த விதியில் தனியார் கம்பெனிகள் கற்க வேண்டிய நல்ல அம்சம் ஒன்று உண்டு. அகவிலைப்படி 50 சதவீதம் கூடும்போது உச்ச வரம்பும் 25 சதவீதம் கூட வேண்டும் என்று அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. விலைவாசி ஏறினால் படியும் ஏறும். பல கம்பெனிகளில், என்றோ ஒரு நாள் எழுதி வைத்த தினப்படி அப்படியே கிடக்கிறது. இட்லி விலை ஏறுகிறது. லாட்ஜ் வாடகை ஏறுகிறது. படி மட்டும் ஏறுவது இல்லை.

பொய் பில் எங்கே பிறக்கிறது?

படி போதாதபோது என்ன நடக்கும்?

சிலர் தங்கள் சொந்தப் பணத்தைப் போடுவார்கள். சிலர் பொய் பில் எழுதுவார்கள். ஆட்டோவுக்கு 80 ரூபாய் கொடுத்துவிட்டு 200 ரூபாய் என்று எழுதுவார்கள். முதலாளிக்கு இது தெரியும். "எப்படியும் கூட்டித்தான் எழுதுவான்" என்று அவர் மேலும் குறைப்பார். அவர் குறைக்கக் குறைக்க இவர் கூட்டுவார். உண்மையாக எழுதுகிற ஒருவன்தான் இதில் நஷ்டப்படுவான்!

நேர்மையான ஊழியனை ஏமாளி ஆக்கும் விதி நல்ல விதி அல்ல.

மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, "உன் பாடு" என்று விட்டுவிடுவதிலும் ஆபத்து உண்டு. வீட்டுச் செலவுக்கு ஆகும் என்று எண்ணி, ஊழியன் அறை எடுக்காமல் பஸ் நிலைய பெஞ்சில் படுத்து மிச்சம் பிடிப்பான். பணம் வீட்டுக்கு வரும், உடம்பு கெடும், மறுநாள் வேலையும் கெடும்.

நடுவழி ஒன்று இருக்கிறது. அறை வாடகையையும் டிக்கெட்டையும் கம்பெனியே நேரடியாகக் கட்டிவிட வேண்டும். சாப்பாட்டுக்கும் உள்ளூர்ப் போக்குவரத்துக்கும் நியாயமான ஒரு தொகையைப் பில் கேட்காமல் கொடுத்துவிட வேண்டும். முதலாவதில் பொய்க்கு இடம் இல்லை. இரண்டாவதில் பொய்க்குத் தேவை இல்லை.

வீட்டில் இருந்து போகும் பணம்

இந்த விவகாரம் ஆபீசோடு முடிவது இல்லை. வீட்டுக்குள்ளும் வருகிறது.

"இப்போது உன் பணத்தைப் போட்டுப் போய் வா. பில் கொடு. பிறகு தருகிறோம்" என்று பல இடங்களில் சொல்கிறார்கள். 'பிறகு' என்பது சில இடங்களில் அடுத்த மாதம். சில இடங்களில் அதற்கும் அடுத்த மாதம்.

அந்தப் பணம் எங்கே இருந்து வந்தது? மளிகைக் கடைக்குக் கொடுக்க வைத்திருந்த பணம். பிள்ளையின் பள்ளிக் கட்டணம். மனைவி சீட்டுக் கட்ட எடுத்து வைத்த பணம். மாதச் சம்பளக்காரர் ஒருவர் 5 ஆயிரம் ரூபாயைக் கைப்பணமாகப் போட்டு வெளியூர் போனால், அந்த வீட்டில் அந்த மாதம் அடுப்பு யோசித்துத்தான் எரியும்.

சரியாகச் சொன்னால், அந்தக் குடும்பம் கம்பெனிக்கு வட்டி இல்லாக் கடன் கொடுக்கிறது! வங்கியில் வாங்கினால் வட்டி கட்ட வேண்டும் என்று தெரிந்த முதலாளி, ஊழியன் வீட்டில் வாங்கும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறார்.

முன்பணம் கொடுத்து அனுப்புவதற்குக் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை. அதே பணத்தைக் கொஞ்சம் முன்னால் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

தொடக் கூடாத மூன்று இடங்கள்

எதில் வேண்டுமானாலும் குறைக்கலாம். மூன்று இடத்தில் மட்டும் கத்தரிக்கோல் வைக்கக் கூடாது.

முதலாவது, இரவுக் கார் பயணம். அறை வாடகையை மிச்சம் பிடிக்க, பகல் முழுவதும் வேலை பார்த்த ஊழியனையோ டிரைவரையோ "இரவோடு இரவாகத் திரும்பி வந்துவிடு" என்று சொல்வது பல இடங்களில் வழக்கம். நான்கு வழிச்சாலை நேராக இருக்கிறது. வண்டி வேகமாகப் போகிறது. விடியற்காலையில் கண் செருகுகிறது. ஒரு நொடிதான்! அதன் பிறகு எந்த வவுச்சரும் எந்த மிச்சமும் அந்தக் குடும்பத்துக்கு உதவாது. வேலையின் காரணமாக, வேலையின்போது நேரும் விபத்துக்கு முதலாளி பொறுப்பு என்ற கொள்கையை, 1923-ம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது. சட்டம் நஷ்டஈடு வாங்கிக் கொடுக்கலாம். மனிதனை வாங்கிக் கொடுக்க முடியுமா?

இரண்டாவது, பெண் ஊழியரின் பாதுகாப்பு. இன்று பெண்களும் கம்பெனி வேலையாகத் தனியே வெளியூர் போகிறார்கள். அவர்களுக்கு ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் மலிவான லாட்ஜ் பார்ப்பதும், நள்ளிரவில் இறங்கும் பஸ்சில் டிக்கெட் எடுப்பதும் சிக்கனம் அல்ல, பொறுப்பின்மை. பெண்களுக்குப் பணியிடத்தில் நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம், வேலையின் பொருட்டுப் போகும் இடத்தையும், முதலாளி ஏற்பாடு செய்யும் வாகனத்தையும் பணியிடம் என்றே சொல்கிறது. ஆபீஸ் கதவோடு முதலாளியின் கடமை முடிந்துவிடவில்லை.

மூன்றாவது, தூக்கம். அதன் விலை என்ன என்பதை முன்னே பார்த்த 10 ஆயிரம் ரூபாய் கணக்கு சொல்லும்.

தாராளமாகக் குறைக்க வேண்டிய இடங்கள்

"இப்படி எல்லாம் செலவு செய்ய நான் என்ன கோடீசுவரனா?" என்று சிறு தொழில் செய்பவர் கேட்கலாம். கேட்பது நியாயம். திண்டுக்கல்லில் பல தொழில்களில் லாபம் நூல் இழை போல மெல்லியது. அவருக்கும் வழி இருக்கிறது.

முதல் கேள்வி: இந்தப் பயணம் தேவைதானா? 2020-ம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் ரெயில், பஸ், விமானம் எல்லாம் நின்றன. ஆனாலும் செல்போனில் முகம் பார்த்துப் பேசிப் பல வேலைகள் நடந்தன. தெரிந்த வியாபாரியிடம் வழக்கமான ஆர்டர் வாங்க 400 கிலோ மீட்டர் போக வேண்டியது இல்லை. புது வியாபாரியைப் பார்க்க, சரக்கில் குறை என்று சண்டை வந்தால் தீர்க்க, நீண்ட நாள் பாக்கியை வாங்க நேரில் போகத்தான் வேண்டும். நாலு பயணத்தை இரண்டாகக் குறைத்தால், அந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்யப் பணம் கிடைத்துவிடும்.

இரண்டாவது, முன்கூட்டியே முடிவு செய்வது. ரெயிலில் முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தது. 2024-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி முதல் 60 நாளாகக் குறைந்தது. 60 நாளும் குறைந்த காலம் அல்ல. பல கம்பெனிகளில் முதல் நாள் மாலைதான் "நாளை போ" என்று உத்தரவு வருகிறது. தட்கலில் கூடுதல் பணம். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணமும் திரும்பாது. இந்தச் செலவை ஊழியன் செய்யவில்லை. உத்தரவு போட்டவரின் தாமதம் செய்தது!

மூன்றாவது, வண்டியைத் தேர்ந்து எடுப்பது. சென்னைக்குப் போக, மதுரை நகரைத் தாண்டி விமான நிலையத்துக்குப் போய், அங்கே காத்திருந்து, பறந்து, பிறகு சென்னை விமான நிலையத்தில் இருந்து நகருக்குள் வரும் நேரத்தை எல்லாம் கூட்டிப் பார்க்க வேண்டும். 2023-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி தொடங்கிய நெல்லை-சென்னை வந்தே பாரத் ரெயில் திண்டுக்கல்லில் நின்று போகிறது. காலையில் ஏறியவர் பிற்பகலில் எழும்பூரில் இறங்கிவிடலாம். பெங்களூருக்கும், 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி முதல், மதுரையில் இருந்து திண்டுக்கல் வழியாக அதே போன்ற ரெயில் ஓடத் தொடங்கியது. மறுநாள் காலையில்தான் வேலை என்றால், இப்படிப் பகலில் போய், நடுத்தர லாட்ஜில் தூங்கி எழுவது நல்லது. இல்லை என்றால் இரவில் பாண்டியன் எக்ஸ்பிரசில் படுக்கை போட்டுக்கொண்டு போகலாம். படுத்துக்கொண்டு போவது முக்கியம்.

நான்காவது, பெரிய ரெயில் நிலையங்கள் பலவற்றில் தங்கும் அறைகள் இருக்கின்றன. உறுதியான டிக்கெட் உள்ளவர் முன்பதிவு செய்துகொள்ளலாம். குளித்து, உடை மாற்றி, இரண்டு மணி நேரம் கண் அயர்ந்து போக இது போதும்.

ஒரு பக்க விதி

பெரிய கம்பெனிகள் பயண விதியை 40 பக்கத்தில் அச்சடிக்கின்றன. படிப்பவர் யாரும் இல்லை. சிறு தொழிலுக்கு ஒரு பக்கம் போதும். ஆபீஸ் சுவரில் ஒட்டிவிடலாம்.

1. என்ன காரியத்துக்காகப் போகிறோம் என்று ஒரு வரி எழுதாமல் பயணம் இல்லை.

2. இரவுப் பயணம் என்றால் படுக்கை உண்டு. இரவில் கார் ஓட்டுவது இல்லை.

3. டிக்கெட்டும் அறையும் கம்பெனி கட்டும். சாப்பாட்டுப் பணம் புறப்படும் முன் கையில் வரும்.

4. ஆண்டுக்கு ஒரு முறை விலைவாசியைப் பார்த்துப் படியைத் திருத்த வேண்டும்.

5. இந்த விதி முதலாளிக்கும் உண்டு.

ஐந்தாவது விதி இருந்தால் மற்ற நான்கும் தாமாகவே நடக்கும்.

பூட்டுக்குப் பெயர் எடுத்த ஊர் திண்டுக்கல். கையால் செய்யும் அந்தப் பூட்டு 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அலிகார் போன்ற இடங்களில் இருந்து எந்திரத்தில் செய்த மலிவான பூட்டுகள் வந்து, அந்தத் தொழிலை நலிய வைத்தன. "விலையை மட்டும் பார்த்து வாங்குகிறார்களே, உழைப்பைப் பார்க்கவில்லையே!" என்று பூட்டுத் தொழிலாளி வருத்தப்படுகிறார். அந்த வருத்தம் இந்த ஊருக்கு நன்றாகப் புரியும். சரக்கை விற்கும்போது "தரத்தைப் பாருங்கள்" என்று கேட்கும் ஊர், சரக்கை விற்கப் போகும் மனிதனிடம் விலையை மட்டும் பார்க்கலாமா?

டிக்கெட்டின் விலை டிக்கெட்டிலேயே அச்சாகி இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்த டிக்கெட்டோடு போகும் மனிதனின் விலை எங்கும் அச்சாகவில்லை. அதைப் படிக்கத் தெரிந்தவரே நல்ல முதலாளி.